கையில் என்ன கொண்டுவருகிறீர்கள்?

தென்காசிக்குப் பக்கத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது மத்தளம்பாறை. மென்பொருள் நிறுவனமான ஜோஹோ இந்தத் தென்காசி வட்டாரத்துக்கு 2011-இல் வந்தது. அதன் நிறுவனர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு 2019-இல் இங்கேயே குடியேறினார். வாடிக்கையாளர்களின் புகார்களைப் பதிவுசெய்து, பதில் சொல்ல வேண்டியவரிடம் சேர்த்து, முடியும்வரை விடாமல் பின்தொடரும் ‘ஜோஹோ டெஸ்க்’ மென்பொருள் இங்கே உருவானதுதான்.

வேறொரு மென்பொருள் டெஸ்க்குடன் பேச வேண்டுமானால் அதற்கு ஏபிஐ என்ற வாசல் இருக்கிறது. அந்த வாசலுக்கு வரும் கோரிக்கைகளில் ஏறக்குறைய எல்லாமே இரண்டு ஹெட்டர்களைச் சுமந்து வர வேண்டும். ஒன்று ‘ஆத்தரைசேஷன்’, இன்னொன்று ‘ஆர்க்ஐடி’. இந்த இரண்டாவது ஹெட்டர் ஒரே ஒரு எண்தான். ஆனாலும் பிரவுசருக்குள் எழுதப்பட்ட ஒரு நிரல், வேறொரு தளத்திலிருந்து இந்த எண்ணை அனுப்பப் பார்த்தால், கோரிக்கை கிளம்புவதற்கு முன்பே ஒரு பெரிய விசாரணை நடக்கிறது. அந்த விசாரணை ஏன், யாருக்காக என்று புரிந்துகொண்டால் வலையின் பாதுகாப்பில் பாதி புரிந்த மாதிரி.

நாம் ஒரு பக்கத்தைத் திறக்கும்போதெல்லாம் பிரவுசர் சர்வருக்கு ஒரு கோரிக்கை அனுப்புகிறது. அதன் தலைமாட்டில் சில வரிகள் இருக்கும். ஒவ்வொரு வரியிலும் ஒரு பெயர், ஒரு முக்காற்புள்ளி, ஒரு மதிப்பு. எனக்குத் தமிழில் பதில் வேண்டும், நான் அனுப்புவது படிவத்தின் தரவு, இதோ என் அடையாளச் சீட்டு என்பது போன்ற செய்திகள் இந்த வரிகளில்தான் போகும். இவைதான் ஹெட்டர்கள். சில பெயர்கள் உலகம் முழுக்கப் பொது. மற்றவற்றை அவரவர் தேவைக்கு வைத்துக்கொள்ளலாம். ஆர்க்ஐடி அப்படி வைத்துக்கொண்ட பெயர். ஒரே ஆள் இரண்டு நிறுவனங்களின் கணக்கில் இருக்கலாம் அல்லவா? வந்திருப்பது யார் என்று ஆத்தரைசேஷன் ஹெட்டரில் இருக்கும் டோக்கன் சொல்லும். எந்த நிறுவனத்தின் வேலையாக வந்திருக்கிறார் என்று ஆர்க்ஐடி சொல்லும்.

இனி பிரவுசரின் பக்கம் போவோம். 1995-இல் நெட்ஸ்கேப் நிறுவனம் தன் பிரவுசரில் ஜாவாஸ்கிரிப்ட்டைக் கொண்டுவந்தது. அதுவரை வலைப்பக்கம் என்பது வாசிக்கிற காகிதம். அதற்குப் பிறகு ஓடுகிற நிரல். ஒரு ஜன்னலில் வங்கிக் கணக்கும் இன்னொரு ஜன்னலில் முன்பின் தெரியாத தளமும் திறந்திருந்தால், அந்தத் தெரியாத தளத்தின் நிரல் வங்கிப் பக்கத்தை வாசித்துவிடக் கூடாது. அதற்காக வந்த விதிதான் ‘ஒரே ஆரிஜின்’ கொள்கை. முகவரியின் நெறிமுறை, தளப்பெயர், போர்ட் எண் ஆகிய மூன்றும் ஒத்துப்போனால்தான் இரண்டு பக்கங்கள் ஒரே ஆரிஜின். ஒன்றில் ஒரு எழுத்து மாறினாலும் வேற்று ஆரிஜின்தான். ஜோஹோ டெஸ்க்கின் இந்திய முகவரியும் ஐரோப்பிய முகவரியும் ஒரே நிறுவனத்துடையவை. பிரவுசரின் கணக்கில் அவை அயலார்.

இந்த விதியில் ஒரு பெரிய ஓட்டை ஆரம்பத்திலிருந்தே இருந்தது. வாசிப்பதைத்தான் அது தடுத்தது, அனுப்புவதைத் தடுக்கவில்லை. எந்தத் தளத்தில் இருக்கும் படிவமும் எந்தத் தளத்துக்கும் தரவை அனுப்பலாம். படிவங்கள் வந்த காலம் தொட்டு அப்படித்தான். அனுப்பும்போது, வந்திருப்பது யார் என்று அந்தத் தளம் அடையாளம் காணும் குக்கீயையும் பிரவுசர் அந்நாளில் தானாகவே சேர்த்து அனுப்பியது. 2007-இல் ஜிமெயிலில் இது வெளிச்சத்துக்கு வந்தது. ஜிமெயிலில் நுழைந்திருக்கும் ஒருவர் விஷமமான ஒரு பக்கத்தைத் திறந்தாலே போதும். அதில் மறைந்திருக்கும் படிவம் அவர் பெயரிலேயே ஜிமெயிலுக்குப் போய், வரும் கடிதங்களைத் திருடனின் முகவரிக்கு அனுப்பச் சொல்லி ஒரு வடிகட்டியை அமைத்துவிடும். கூகுள் அதைச் சரிசெய்தது. மறு ஆண்டு பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் வில்லியம் ஜெல்லரும் எட்வர்ட் ஃபெல்டனும் ஐஎன்ஜி டைரக்ட் வங்கியின் தளத்தில் இதே வகை ஓட்டை வழியாகப் பணத்தையே மாற்ற முடியும் என்று காட்டினார்கள்.

இந்தத் தாக்குதல்களில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். படிவத்தால் தரவை அனுப்ப முடியும், புதுப் பெயரில் ஒரு ஹெட்டரைச் சேர்க்க முடியாது. உலகத்தில் உள்ள பழைய சர்வர்கள் எல்லாம், தெரிந்தோ தெரியாமலோ, இந்த ஒரு எல்லையை நம்பி ஓடிக்கொண்டிருந்தன. இப்படி ஒரு ஹெட்டர் வருகிறதென்றால் அனுப்பியது எங்கள் சொந்த நிரலாகத்தான் இருக்க முடியும் என்ற நம்பிக்கை அது.

வேற்று ஆரிஜின்கள் முறையாகப் பேசிக்கொள்ள வழி வேண்டும் என்ற தேவை 2004-இல் தொலைபேசி உலகத்திலிருந்து எழுந்தது. டெல்மி நெட்வொர்க்ஸ் என்ற நிறுவனத்தின் மேட் ஓஷ்ரி, பிராட் போர்ட்டர், மைக்கேல் போடெல் ஆகிய மூவர், குரல்வழிச் சேவைகளுக்கான வாய்ஸ் எக்ஸ்எம்எல் மொழிக்காக ஒரு முறையை முன்வைத்தார்கள். அது பிரவுசர்களுக்கும் விரிந்து, 2009-இல் கார்ஸ் என்ற பெயர் பெற்று, 2014 ஜனவரியில் டபிள்யூ3சி அமைப்பின் பரிந்துரையானது. இன்று அது ‘ஃபெட்ச்’ என்ற தரநிலைக்குள் இருக்கிறது. இடையில், பிரவுசருக்குள் ஓடிய ஃபிளாஷ் செருகுநிரலும் தனியாக ஒரு வழி வைத்திருந்தது. எந்தத் தளத்திலிருந்து எந்த ஹெட்டர் வரலாம் என்று சர்வரில் ஒரு கொள்கைக் கோப்பு எழுதி வைக்க வேண்டும். ஃபிளாஷ் 2020-உடன் போய்விட்டது. ஹெட்டர்களைப் பெயர் சொல்லி அனுமதிக்கும் அந்த எண்ணம் கார்ஸில் நிலைத்துவிட்டது.

கார்ஸை வகுத்தவர்கள் முடிவெடுத்த விதம் எனக்கு மிகவும் பிடித்தது. படிவத்தால் ஏற்கெனவே செய்ய முடிந்ததைப் புதிதாகத் தடுக்கவில்லை, தடுத்தால் பாதி வலை உடைந்துவிடும். படிவத்தால் முடியாததற்கு மட்டும் சர்வரின் வாயிலிருந்தே சம்மதம் கேட்டார்கள். ஆகவே கேட்காமலே போகக்கூடிய ஹெட்டர்கள் சிலவே. எந்த வகைப் பதில் வேண்டும், எந்த மொழியில் வேண்டும், அனுப்புவது எந்த மொழி, எந்த வடிவம் என்று சொல்லும் நான்கு, பிறகு கோப்பின் ஒரு பகுதியை மட்டும் கேட்கும் ‘ரேஞ்ச்’. இவற்றுக்கும் கட்டுப்பாடு உண்டு. ‘கன்டென்ட்-டைப்’ ஹெட்டரில் படிவம் அனுப்பக்கூடிய மூன்று வகைகள்தான் இருக்கலாம். இன்று எல்லோரும் பயன்படுத்தும் ஜேசன் என்ற தரவு வடிவம் அந்த மூன்றில் இல்லை. மதிப்பு 128 பைட்டுக்கு மேல் போனால் இந்தச் சலுகையும் கிடையாது. சாதுவான பெயருக்குள் எதையாவது திணித்து அனுப்பிவிடக் கூடாதே.

இன்னொரு கோடியில் நிரல் தொடவே முடியாத ஹெட்டர்கள் இருக்கின்றன. ஆரிஜின், ஹோஸ்ட், குக்கீ போன்றவற்றைப் பிரவுசர் மட்டுமே எழுதும். எங்கிருந்து வருகிறேன் என்பதில் நிரலைப் பொய் சொல்ல விடாமல் இருப்பது அதனால்தான்.

நடுவில் இருப்பதுதான் ஆர்க்ஐடி போன்றவற்றின் இடம். அனுப்பலாம், ஆனால் கேட்டுவிட்டு அனுப்ப வேண்டும். கேட்கிற முறைக்கு ப்ரீஃப்ளைட் என்று பெயர். உண்மையான கோரிக்கையைப் பிடித்து வைத்துக்கொண்டு, பிரவுசர் முதலில் ‘ஆப்ஷன்ஸ்’ வகையில் ஒரு சின்னக் கோரிக்கையை அனுப்புகிறது. அதில் மூன்று வரிகள்தான் முக்கியம்.

ஆரிஜின்: கேட்கும் பக்கத்தின் முகவரி
அக்செஸ்-கன்ட்ரோல்-ரிக்வெஸ்ட்-மெத்தட்: கெட்
அக்செஸ்-கன்ட்ரோல்-ரிக்வெஸ்ட்-ஹெட்டர்ஸ்: ஆத்தரைசேஷன், ஆர்க்ஐடி

குற்றாலத்துக்குக் கிளம்பும் குடும்பம் இதைத்தான் செய்கிறது. சீசனில் சாரல் கூடி, தண்ணீர் மெயினருவியின் ஆர்ச்சைத் தொட்டு விழுந்தால் போலீசார் குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள். அதனால் மதுரையிலோ ராஜபாளையத்திலோ வண்டி எடுக்கும் முன்பே தெரிந்த கடைக்காரருக்குப் போன் போகும். “அண்ணாச்சி, மெயினருவில குளிக்க விடுதாங்களா?” என்று கேட்பார்கள். விவரம் தெரிந்தவர்கள் இன்னொன்றும் கேட்பார்கள்: “எண்ண தேய்ச்சுக் குளிக்கலாமா?” உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவால் அருவியில் எண்ணெய்க்கும் சோப்புக்கும் ஷாம்புக்கும் இடமில்லை. வருவது யார், செய்யப்போவது என்ன, கையில் கொண்டுவருவது என்ன என்ற மூன்று கேள்விகளும் தனித்தனி. குளிக்க அனுமதி கிடைத்துவிட்டது என்பதற்காக ஷாம்பு பாட்டிலுக்கும் அனுமதி கிடைத்ததாக ஆகாது.

ஓரிடத்தில் மட்டும் இந்த ஒப்புமை உதவாது. அருவியில் காவலர் அருவிக்கரையில் நிற்கிறார். கார்ஸில் காவலர் நிற்பது உங்கள் வீட்டு வாசலில், உங்கள் பிரவுசருக்குள். சர்வர் தன் விதியைச் சொல்வதோடு சரி. தடுப்பது பிரவுசர்தான். ஏபிஐகளைச் சோதிக்கும் போஸ்ட்மேன் போன்ற கருவியிலோ முனையத்திலிருந்தோ அதே கோரிக்கையை அனுப்பினால் எந்த விசாரணையும் இல்லாமல் போய்ச் சேரும். ஏனென்றால் அங்கே இன்னொருவரின் குக்கீயைத் திருட்டுத்தனமாகப் பயன்படுத்தும் ஆபத்து இல்லை. “போஸ்ட்மேன்ல வேலை செய்யுது சார், பிரவுசர்லதான் வரமாட்டேங்குது” என்று புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் தவிப்பதைக் கேட்டிருப்பீர்கள். இரண்டும் தங்கள் வேலையைச் சரியாகத்தான் செய்கின்றன.

சர்வரின் பதிலில் ‘அக்செஸ்-கன்ட்ரோல்-அலவ்-ஹெட்டர்ஸ்’ என்ற வரி இருக்க வேண்டும். சலுகை பெறாத ஒவ்வொரு ஹெட்டரின் பெயரும் அதில் இருந்தால்தான் உண்மையான கோரிக்கை கிளம்பும். ஒன்று விடுபட்டாலும் கிளம்பாது. அந்த ஒன்றை மட்டும் கழற்றிவிட்டு மற்றதை அனுப்பும் வழக்கமும் இல்லை. கார்ஸ் என்றால் என்னவென்றே அறியாத பழைய சர்வர் இந்த வரியை அனுப்பாது. அனுப்பாததை மறுப்பு என்றே பிரவுசர் எடுத்துக்கொள்ளும். பத்து வருடம் முன்பு எழுதி, எழுதியவரும் வேலையை விட்டுப் போய், யாரும் தொடாமல் ஓடிக்கொண்டிருக்கும் ஏதோ ஒரு சர்வர் இப்படித்தான் காப்பாற்றப்படுகிறது.

நடைமுறையில் இந்த ஒற்றை வரியில் நடக்கும் தவறுகள் ஏராளம். பிழைச் செய்தியில் ‘அக்செஸ்-கன்ட்ரோல்-அலவ்-ஹெட்டர்ஸ்’ என்ற பெயரைப் பார்த்ததும், அதையே தன் கோரிக்கையில் ஒரு ஹெட்டராகச் சேர்ப்பவர்கள் உண்டு. அது சர்வர் பதிலில் சொல்ல வேண்டிய வரி. கோரிக்கையில் சேர்த்தால் சிக்கல் கூடத்தான் செய்யும், ஏனென்றால் இப்போது அனுமதி கேட்க வேண்டிய ஹெட்டர்களில் இதுவும் ஒன்றாகிவிட்டது. இன்னொரு தவறு சர்வர் பக்கத்தில் நடப்பது. ப்ரீஃப்ளைட்டில் குக்கீயும் இருக்காது, டோக்கனும் இருக்காது. வரும் எல்லாக் கோரிக்கைக்கும் அடையாளச் சீட்டு கேட்கும்படி சர்வரை அமைத்திருந்தால், விசாரிக்க வந்ததையே, அடையாளம் இல்லை என்று பொருள்படும் 401 என்ற எண்ணோடு திருப்பி அனுப்பிவிடும். அடையாளச் சீட்டைக் கொண்டுவரலாமா என்று கேட்க வந்தவரிடமே அந்தச் சீட்டைக் கேட்கிற கொடுமை அது.

பெரிய எழுத்து, சின்ன எழுத்துச் சிக்கலும் உண்டு. ஆர்க்ஐடியை ஆங்கிலத்தில் எழுதும்போது நடுவில் ஒரு பெரிய எழுத்து வருகிறது. பிரவுசர் எல்லாவற்றையும் சின்ன எழுத்தாக்கி, அகர வரிசையில் அடுக்கித்தான் கேட்கும். ஹெட்டர் பெயரில் அந்த வேறுபாடு பார்க்கக் கூடாது என்பது பழைய விதி. சர்வரில் யாராவது கையாலேயே ஒப்பிட்டுப் பார்க்கும் நிரல் எழுதி, எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும் என்று வைத்திருந்தால் பட்டியலில் பெயர் இருந்தும் அனுமதி கிடைக்காது.

வேலை செய்துகொண்டிருந்தது திடீரென்று நிற்பதும் உண்டு. கோரிக்கைகள் எங்கே தாமதமாகின்றன என்று கண்காணிக்கும் கருவியை ஒரு தளத்தில் சேர்க்கிறார்கள். அது ‘டிரேஸ்பேரன்ட்’ என்ற ஹெட்டரை வெளியே போகும் கோரிக்கைகளில் ஒட்டிவிடும். மறுநிமிடம், இன்னொரு நிறுவனத்தின் சர்வர் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டதே இல்லை என்பதால், அங்கே போகும் கோரிக்கைகள் எல்லாம் நின்றுபோகும். தளத்தின் நிரலில் ஒரு வரிகூட மாறியிருக்காது.

இத்தனை தொல்லைக்கும் ஒரே மருந்தாகப் பலரும் கையில் எடுப்பது நட்சத்திரக் குறி. அலவ்-ஹெட்டர்ஸ் வரியில் அதைப் போட்டால் எந்த ஹெட்டரும் வரலாம் என்று பொருள். ஆனால் அதற்கு இரண்டு வேலிகள் உண்டு. குக்கீயோடு வரும் கோரிக்கைக்கு அந்தக் குறி வெறும் எழுத்துதான், அனுமதி ஆகாது. தரநிலைப்படி ஆத்தரைசேஷன் ஹெட்டரை அது உள்ளடக்காது, அந்தப் பெயரைத் தனியாக எழுதியே ஆக வேண்டும். எனவே பலர் அடுத்த குறுக்குவழிக்குப் போகிறார்கள். பிரவுசர் என்னென்ன ஹெட்டர் கேட்டதோ அதையே அப்படியே நகலெடுத்து, சரி என்று திருப்பி அனுப்பும் சர்வர். கூடவே ஆரிஜினையும் அதே மாதிரி நகலெடுத்து, குக்கீக்கும் அனுமதி கொடுத்துவிட்டால், உலகத்தில் உள்ள எந்தத் தளமும் உங்கள் பயனரின் பெயரில் எதையும் செய்யலாம், பதிலையும் வாசிக்கலாம். ஜிமெயில் சம்பவத்தில் திருடனால் அனுப்பத்தான் முடிந்தது. இங்கே வாசிக்கவும் கதவு திறந்துகிடக்கிறது.

ஆரிஜின் பட்டியலைக் கறாராக வைத்திருக்கிறோம், ஹெட்டரை மட்டும் தாராளமாக விட்டால் என்ன என்று நியாயமாகவே கேட்கலாம். ஆபத்து குறைவுதான், இல்லாமல் போகவில்லை. ‘எக்ஸ்-ஹெச்டிடிபி-மெத்தட்-ஓவர்ரைடு’ என்று ஒரு ஹெட்டர் இருக்கிறது. சில சர்வர்கள் அதைப் பார்த்தால், தரவை அனுப்பும் ‘போஸ்ட்’ வகையில் வந்த கோரிக்கையை, அழிக்கச் சொல்லும் ‘டெலீட்’ வகையாக எடுத்துக்கொள்ளும். பழைய வலைப்பின்னல்கள் டெலீட்டைக் கடத்தாத காலத்துக்காகச் செய்த ஏற்பாடு. கூட்டாளி நிறுவனத்துக்கு, தரவைக் கேட்கும் ‘கெட்’, போஸ்ட் இரண்டை மட்டுமே அனுமதித்திருக்கிறோம் என்று நிம்மதியாக இருக்கும்போது, ஹெட்டர் வரியில் இருக்கும் நட்சத்திரக் குறி வழியாக அழிக்கும் அதிகாரமும் உள்ளே வந்திருக்கும். ஒவ்வொரு ஹெட்டரும் சர்வரின் நடத்தையை மாற்றக்கூடிய ஒரு கட்டளை. சர்வருக்கு என்னென்ன கட்டளைகள் புரியும் என்று அதை நடத்துபவருக்கே முழுதாகத் தெரியாதபோது, எல்லாம் வரலாம் என்று எழுதுவது சரியில்லை.

தூரத்தின் விலையையும் சொல்லியாக வேண்டும். கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. போகிறது. தென்காசியிலிருந்து சென்னை ஏறக்குறைய 600 கி.மீ. போய்வர 6 மில்லிவினாடி போதும். அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இருக்கும் சர்வர் என்றால் நேர்க்கோட்டிலேயே 14,000 கி.மீ. அளவு வரும். போய்வர குறைந்தது 140 மில்லிவினாடி, கேபிள் சுற்றிப் போவதால் உண்மையில் இன்னும் அதிகம். ப்ரீஃப்ளைட் என்றால் இந்தப் பயணம் ஒரு முறை கூடுதல். ஆகவே பதிலை நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்ல ‘அக்செஸ்-கன்ட்ரோல்-மேக்ஸ்-ஏஜ்’ இருக்கிறது. சர்வர் எதுவும் சொல்லாவிட்டால் 5 வினாடிதான் நினைவு. எவ்வளவு சொன்னாலும் குரோம் 2 மணி நேரத்தோடும் ஃபயர்பாக்ஸ் 24 மணி நேரத்தோடும் நிறுத்திக்கொள்ளும். இந்த நினைவு முகவரிக்கு முகவரி தனி. ஒரு புகாரின் விவரத்தைக் கேட்டு வாங்கிய அனுமதி, முகவரியில் வேறு எண் வரும் அடுத்த புகாருக்குச் செல்லாது. புகார் எண்ணை முகவரியில் வைக்கும் ஏபிஐகளில் தாமதம் தெரிவது இதனால்தான்.

குற்றாலத்தில் ஒரு விடுதி, தன் தளத்தில் விருந்தினர்கள் தங்கள் புகாரின் நிலையைப் பார்க்கட்டும் என்று நினைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். புகார்கள் டெஸ்க்கில் இருக்கின்றன. அந்த வலைப்பக்கத்திலிருந்தே ஆத்தரைசேஷனையும் ஆர்க்ஐடியையும் வைத்து நேராகக் கேட்டால் என்ன? ப்ரீஃப்ளைட்டுக்குச் சம்மதம் கிடைத்தாலுமே அது செய்யக் கூடாத வேலை. பக்கத்துக்குள் இருக்கும் டோக்கனை, பக்கத்தைத் திறக்கும் எவரும் எடுத்துவிடலாம். கார்ஸ் எதையும் மறைத்து வைக்காது, அதன் வேலை அது இல்லை. விடுதி தனக்கென்று ஒரு சின்ன சர்வர் வைத்து, டோக்கனையும் ஆர்க்ஐடியையும் அங்கே பத்திரப்படுத்திவிட்டு, விருந்தினர் யார் என்று அங்கே சரிபார்த்த பிறகு அது டெஸ்க்கிடம் கேட்கட்டும். சர்வரிலிருந்து சர்வருக்குப் போகும் அந்தப் பயணத்தில் பிரவுசர் இல்லை, எனவே ப்ரீஃப்ளைட்டும் இல்லை. விடுதியின் பக்கம் ஓர் ஆரிஜினிலும் அந்தச் சர்வர் இன்னோர் ஆரிஜினிலும் இருந்தால், அலவ்-ஹெட்டர்ஸ் வரியில் எழுத வேண்டியவை இரண்டே பெயர்கள். ஜேசன் அனுப்புவதற்காகக் கன்டென்ட்-டைப், படிவத்தால் போலியாக அனுப்ப முடியாத சான்றாக எக்ஸ்-சிஎஸ்ஆர்எஃப்-டோக்கன். நாளை மூன்றாவதாக ஒரு பெயரைச் சேர்க்கச் சொல்லி யாராவது கேட்டால், அந்த ஹெட்டரை வாசிப்பது சர்வரில் எந்த வரி என்று காட்டச் சொல்லுங்கள். காட்டினால் சேர்க்கலாம்.